சின்ன விவசாயி புது டெக்னாலஜியை எடுக்கறதும் விடறதும் எதை வச்சு?

கேள்வி இதுதான்: "எம்.எஸ்சி. அக்ரி ப்ராஜெக்ட்டுக்கு, சிறு குறு விவசாயிங்க மேம்பட்ட பயிர் தொழில்நுட்பத்தை ஏத்துக்கறதுக்கு என்னென்ன காரணிகள்னு எடுத்திருக்கேன். வயசு, படிப்பு, நிலத்தோட அளவு, வருமானம், வேளாண் அலுவலரோட தொடர்பு எல்லாம் கேள்வித்தாள்ல வச்சாச்சு. இதுல எது முக்கியம், எதாவது விட்டுட்டேனா?"

நிறைய விட்டிருக்கீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க கேள்வித்தாள்ல இருக்கறது பூரா விவசாயியைப் பத்தின கேள்வி, அவர் கையில கொடுக்கற அந்த டெக்னாலஜியைப் பத்தி ஒரு கேள்வி கூட இல்ல. அது எத்தனை ஆள் கேட்குது, எந்த மாசம் காசு கேட்குது, தண்ணி யார் கையில இருக்கணும்னு எதிர்பார்க்குது, ஊத்திக்கிச்சுன்னா யார் தலையில விழும், இதெல்லாம் கேட்காம படிப்பையும் வயசையும் மட்டும் கேட்டா கடைசியில "படிப்பறிவு குறைவு, விழிப்புணர்வு தேவை"ன்னு ஒரு முடிவு வரும், முப்பது வருஷமா எல்லா ப்ராஜெக்ட்லயும் அதான் வந்துட்டு இருக்கு. நான் காவிரி டெல்டா பக்கம் விரிவாக்க வேலையில, அதாவது புது முறையை விவசாயிகிட்ட கொண்டு சேர்க்கற வேலையில, ரொம்ப வருஷம் இருந்தவன், அதனால நெல்லை வச்சே சொல்றேன், மத்த பயிர் ஊடால வரும்.

முதல்ல ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அறுப்பு மிஷினுக்கு யாராவது விழிப்புணர்வு கூட்டம் போட்டாங்களா? களைக்கொல்லிக்கு யாராவது வீடு வீடா வந்து பிரசாரம் பண்ணாங்களா? ரெண்டும் அதுபாட்டுக்கு வந்து ஊர் ஊரா உட்கார்ந்துடுச்சு. எழுதப் படிக்கத் தெரியாத எழுபது வயசு பெரியவர் கூட மிஷின் டிரைவர்கிட்ட போன்ல பேசி தேதி வாங்கி அறுத்துடறார். அதே பெரியவர்தான் கோனோ வீடரை, அதாவது வரிசைக்கு நடுவுல கையால தள்ளிக் களை எடுக்கற கருவியை, தொட மாட்டேங்கறார், அதுக்கு மானியம் வேற இருந்துச்சு. ஆள் அதே ஆள், படிப்பு அதே படிப்பு, ஒண்ணை வாரி எடுத்துக்கறார் ஒண்ணைத் தள்ளி விடறார்னா காரணத்தை அவர்கிட்ட தேடி என்ன ஆகப்போவுது, அந்த ரெண்டு சாமானுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தைத்தானே பார்க்கணும்.

ஒற்றை நாற்று நடவு கதையை முழுசா பார்த்தீங்கன்னா உங்க ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய எல்லாமே அதுலயே இருக்கு. செம்மை நெல் சாகுபடின்னு நீங்க பாடத்துல படிச்சிருப்பீங்க. மடகாஸ்கர்ல ஹென்றி டி லவுலானின்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார் அங்கத்திய விவசாயிங்க கூட சேர்ந்து 1980கள்ல உருவாக்கினது. நம்ம தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 2000 வாக்குல சோதனைய ஆரம்பிச்சு, 2003-04ல தாமிரபரணிப் பாசனத்துல நூறு விவசாயி, காவிரியில நூறு விவசாயின்னு அவங்க வயல்லயே போட்டுப் பார்த்தாங்க. தாமிரபரணியில ஹெக்டேருக்கு சராசரியா ஒன்றரை டன் கூட வந்துச்சு. அது பொய் இல்ல, வயல்ல அறுத்து எடை போட்ட நெல்லு. விதை ஏக்கருக்கு மூணு கிலோ போதும், பழைய முறையில 20, 25 கிலோ, சில பேரு 30 கூட போடுவாங்க. நாத்தங்கால் ஒரு சென்ட் போதும், முன்னாடி எட்டு சென்ட் வேணும். தண்ணி குறைவு, மகசூல் கூட. 2010ல பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருஷம் கொண்டாடினப்ப "ராஜராஜன் 1000"ன்னு பேரு கூட வச்சாங்க.

இவ்வளவு நல்ல விஷயத்தை இன்னிக்கு டெல்டாவுல எத்தனை பேரு முழுசா, அதாவது 14 நாள் நாத்து, ஒத்தை ஒத்தையா, சதுர நடவு, நாலு தடவை வீடர், வயலைக் காயவிட்டு காயவிட்டுத் தண்ணி பாய்ச்சற காய்ச்சலும் பாய்ச்சலும்னு எல்லாத்தையும் சேர்த்துப் பண்றாங்கன்னு போய் பாருங்க, விரல் விட்டு எண்ணிடலாம். ஏன்னு ஒவ்வொண்ணா வர்றேன்.

மொதல்ல தண்ணி. "தண்ணி மிச்சமாவும்"னு சொல்லித்தான் எல்லா கூட்டத்துலயும் பேசினோம். யாருக்கு மிச்சம்? டெல்டாவுல வாய்க்கா பாசனம், மேல் வயல்ல பாஞ்சு கீழ் வயலுக்கு வரும், முறை வச்சு விடறப்ப இன்னிக்கு வரலைன்னா அடுத்த முறை எப்பன்னு சொல்ல முடியாது, அப்ப வர்ற தண்ணியக் கட்டி வைக்கத்தான் மனசு போகும், மயிரிழை வெடிப்பு வர்ற வரைக்கும் காயப்போட்டுட்டு அப்புறம் ரெண்டரை சென்டிமீட்டர் கட்டுன்னா, அந்த நாள்ல வாய்க்காலில தண்ணி இருக்கும்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா? நம்ம காயப்போட்டாலும் மேல் வயல்காரர் மடை கசிஞ்சு நம்ம வயல் ரொம்பிடும், அவர்கிட்ட போய் "எனக்கு வெடிப்பு வரணும், தண்ணி விடாதீங்க"ன்னு சொன்னா சிரிப்பார். சரி போர்செட் வச்சவருக்கு தண்ணி அவர் கையில இருக்கே, அவர் பண்ணலாமேன்னா, பண்ண முடியும், ஆனா எதுக்குப் பண்ணணும்? தமிழ்நாட்டுல சிறு விவசாயிக்கு 1984லயும் எல்லாருக்குமா 1990லயும் விவசாயக் கரண்டு ஃப்ரீ ஆயிடுச்சு. தண்ணிய மிச்சம் பிடிச்சா அவர் பாக்கெட்டுக்கு ஒரு ரூபா வராது. ஃப்ரீ கரண்டு வேணாம்னு சொல்ல வரலைங்க, அது வேற சண்டை. தண்ணி மிச்சம்கறது அரசாங்கத்துக்கும் நிலத்தடி நீருக்கும் லாபம், செய்யற ஆளுக்கு அதுல கணக்கு இல்ல. லாபம் ஒரு பக்கமும் வேலை ஒரு பக்கமும் இருந்தா எந்த டெக்னாலஜியும் நிக்காது.

அப்புறம் சம்பா பட்டம். நட்டு முடிக்கறப்ப வடகிழக்குப் பருவமழை பிடிச்சுக்கும். 25, 30 நாள் நாத்துன்னா உசரமா இருக்கும், கொஞ்சம் தண்ணி நின்னாலும் தலை வெளிய தெரியும். 14 நாள் நாத்து விரல் உசரம், வடிகால் சரியில்லாத பள்ளக்கால் வயல்ல ஒரு மழைக்கு முழுகிடும், அதுவும் ஒரு குத்துக்கு ஒரே ஒரு நாத்து, அது போச்சுன்னா அந்த இடமே காலி. ஜூன் வாக்குல ஆரம்பிக்கற குறுகிய காலப் பட்டமான குறுவைக்கு இந்தப் பிரச்சனை கம்மி, மேட்டு வயலுக்குக் கம்மி. அதனால நிலத்தோட அளவைக் கேட்டா மட்டும் போதாது, மேடா பள்ளமா, வாய்க்கா தலைப்புல இருக்கா கடைமடையில இருக்கா, வடிகால் எங்க போய் விழுது, இதைக் கேளுங்க. ஒரே ஊர்ல ரெண்டு ஏக்கர் வச்ச ரெண்டு பேரு ரெண்டு விதமா முடிவெடுக்கறதுக்கு பாதி காரணம் இதுதான்.

மூணாவது ஆளு. இதுதான் பெருசு. நடவு யாரு பண்றா? பொம்பளைங்க. ஊர்ல ஒரு கொத்து, அதாவது சேர்ந்து நடவுக்குப் போற ஒரு குழு இருக்கும், அதுக்கு ஒரு தலைவி அம்மா இருப்பாங்க, ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசிட்டு கட கடன்னு நட்டுட்டுப் போயிடுவாங்க. அவங்களுக்கு கணக்கு ஏக்கர், ஒரு நாளைக்கு எத்தனை ஏக்கர் முடிக்கறாங்களோ அவ்வளவு கூலி. அவங்ககிட்ட போய் கயிறு பிடிச்சு, 25க்கு 25 சென்டிமீட்டர் மார்க் போட்டு, ஒத்தை நாத்தை வேர் அறுபடாம எடுத்து மெதுவா வைங்கன்னா பாதி வேகத்துக்கு வந்துடும். "இதுக்கு நாங்க வரலை, பக்கத்து வயலுக்குப் போறோம்"னுவாங்க, அவங்க சொல்றதுல என்ன தப்பு? பழகிட்டாங்கன்னா வேகம் வந்துடும்னு நாங்க சொல்லுவோம், உண்மைதான், வேகம் வந்த ஊர் உண்டு, ஆனா பழகற அந்த ரெண்டு மூணு சீசன் கூலி நஷ்டத்தை யார் கொடுக்கறது? பயிற்சி கூட்டத்துக்குக் கூப்பிட்டது பூரா பட்டா வச்ச ஆம்பளைங்களை. சால்வை, டீ, பிஸ்கட், நோட்டு எல்லாம் அவங்களுக்கு. நாத்தைக் கையில பிடிக்கப்போற அம்மாவை யாரும் கூப்பிடலை. நானே அப்படி எத்தனையோ கூட்டம் போட்டு லிஸ்ட் அனுப்பியிருக்கேன், அப்பல்லாம் அதான் வழக்கம்.

வீடர் கதை அதுக்கு மேல. கைக்களை எடுக்கறது பொம்பளைங்க வேலை, கூலி ஒரு மாதிரி. வீடர் தள்ளறது ஆம்பளை வேலைன்னு ஆயிடுச்சு, கூலி அதை விடக் கூட. களிமண் வயல்ல கோனோ வீடரை ஒரு நாள் முழுக்க முன்னயும் பின்னயும் தள்ளிப் பாருங்க, தோள்பட்டை கழண்டுடும். நட்ட பத்தாம் நாள்ல ஆரம்பிச்சு பத்து நாளைக்கு ஒரு தடவை, மொத்தம் நாலு தடவை. ஆம்பளை ஆளு அந்த நேரத்துல கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ போயிருப்பான், ஊர்ல இருக்கற ஒண்ணு ரெண்டு பேருக்கு கிராக்கி. அந்தக் கூலிய எதிர்ல வச்சுப் பார்த்தா களைக்கொல்லி பாட்டில் மலிவா தெரியும். தெரிஞ்சதும் வாங்கி அடிச்சுட்டுப் போயிடுவார். அவர் கண்ணுக்கு இது ரெண்டும் ஒரே வேலைக்கான ரெண்டு சாமான், எது மலிவோ எது சீக்கிரமோ அது.

மடகாஸ்கர்லயே, அதாவது இந்த முறை பிறந்த ஊர்லயே, இதே கதைதான்னு பின்னாடி ஆய்வு பண்ணவங்க எழுதினாங்க. மகசூல் கூட வருதுன்னு விவசாயிங்களுக்கே தெரியும், இருந்தும் எடுத்தவங்கள்ல நிறைய பேரு விட்டுட்டாங்க. ஏன்னா இந்த முறைக்குக் கூடுதல் வேலை வர்ற காலமும் வீட்டுல அரிசி தீர்ந்துபோற காலமும் ஒண்ணு. ஏழை விவசாயி அந்த நேரத்துல அடுத்தவன் வயல்ல கூலிக்குப் போனாத்தான் அன்னிக்கு ராத்திரி சோறு. சொந்த வயல்ல ஒழைச்சா அஞ்சு மாசம் கழிச்சு ஒரு மூட்டை கூட வரும், ஆனா அது வரைக்கும் புள்ளைங்க என்ன சாப்பிடும்? காசு இருக்கறவர் ஆள் வச்சுப் பண்ணிடுவார். அதனால "ஏழைக்கு ஏத்த, செலவில்லாத டெக்னாலஜி"ன்னு சொன்னதே ஏழைக்கு எட்டாமப் போச்சு. செலவில்லைன்னு சொல்றப்ப ஒடம்பு உழைப்பை யாரும் செலவுல எழுதறதில்ல, அதான் விஷயம்.

இதுக்காக ஒற்றை நாற்று நடவு தோத்துப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அதை ஒரு பொட்டலமா கொடுத்தோம், விவசாயி பொட்டலத்தைப் பிரிச்சு தனக்கு வேணுங்கறதை மட்டும் எடுத்துக்கிட்டார். விதை அளவு நிறைய பேரு குறைச்சாங்க, நாத்தை இளசா நட ஆரம்பிச்சாங்க, குத்துக்கு ஆறு ஏழு நாத்து வச்சது ரெண்டு மூணா ஆச்சு. இந்த முறைக்குன்னு சொன்ன, பாய் மாதிரி பெயர்த்து எடுக்கற பாய் நாத்தங்கால் அப்படியே நடவு மிஷினுக்கு தட்டு நாத்தங்காலா போய் சேர்ந்துச்சு, நடவு மிஷினும் இளம் நாத்தைத்தான் கேட்குது. ஆனா ரிப்போர்ட்ல என்ன எழுதுவோம்? ஒண்ணு "ஏத்துக்கிட்டார்", இல்லைன்னா "ஏத்துக்கலை". பாதி எடுத்தவரை எங்க போடறதுன்னு கட்டமே கிடையாது, இலக்கு ஹெக்டேர் கணக்குல இருக்கும், அதனால பாதி எடுத்தவரும் முழுசுலதான் போய் விழுவார். லட்சக்கணக்கான ஹெக்டேர்னு கணக்கு வந்தது அப்படித்தான். நீங்களாவது உங்க கேள்வித்தாள்ல ஒவ்வொரு அம்சத்தையும் தனித்தனியா கேளுங்க, போன வருஷம் பண்ணிட்டு இந்த வருஷம் விட்டது என்னன்னும் கேளுங்க. விட்டவங்களைத் தேடிப் பேசினாத்தான் சமாசாரம் வெளிய வரும், இன்னும் எடுக்காதவர்கிட்ட கேட்டா மரியாதைக்கு "தெரியலீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார்.

இப்ப ரகத்துக்கு வர்றேன். ரகம் மாத்தறது நடவு முறை மாத்தற மாதிரி இல்ல, ரொம்ப ஈஸி, விதை மட்டும்தான் மாறுது, மத்த வேலை பூரா பழசுதான். அதனாலதான் நல்ல ரகம்னா காத்து மாதிரி பரவும். நம்ம பொன்னியே பூர்வீகம் மலேசியா, அங்க மசூரின்னு பேரு. ஆந்திராக்காரங்க பாபட்லாவுல அந்த மசூரிய வச்சு பி.பி.டி. 5204 எடுத்தாங்க, சம்பா மசூரின்னும் அதுக்குப் பேரு, 1986ல வந்தது, இன்னிக்கும் அது ஓடிட்டுத்தான் இருக்கு. அதுக்கு பாக்டீரியா இலைக்கருகல், குலைநோய் எல்லாம் சீக்கிரம் வரும்னு நடறவருக்கே தெரியும். இலைக்கருகலைத் தாங்கற மாதிரி மேம்படுத்தின சம்பா மசூரியை ஐதராபாத்ல 2008லயே கொண்டு வந்துட்டாங்க. அப்புறமும் பழசையே ஏன் போடறார்? வியாபாரி அந்த நெல்லைக் கேக்கறார், மில்லுக்காரர் அதைக் கேக்கறார், கடையில அந்த அரிசிக்குப் பேரு இருக்கு. புது ரகம் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் வியாபாரி கையில அள்ளிப் பார்த்து "இது வேறயா இருக்கே"ன்னு மூட்டைக்கு நூறு ரூபா குறைச்சா, மருந்து அடிக்கறதுல மிச்சமான காசு அங்க போயிடும்.

கவர்மெண்ட் கொள்முதல் நிலையத்துல போடறவருக்குக் கணக்கு நேர் எதிர். 2025-26க்கு தமிழ்நாட்டுல சாதா ரகம் குவிண்டால் 2500, சன்ன ரகம் 2545, மாநில ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்து. வித்தியாசம் 45 ரூபா. அந்த 45 ரூபாய்க்காக எவரும் மகசூல் குறையற, நோய் பிடிக்கற சன்ன ரகத்தைத் தேடிப் போக மாட்டார், கொட்டற ரகமா, சாயாத ரகமா பார்ப்பார். கொள்முதல் நிலையத்துல பாதி கவலை ஈரப்பதம், 17 சதவீதத்துக்கு மேல போனா சிக்கல், மழையில நெல்லு நனைஞ்சுட்டு லைன்ல கிடக்கும், அதனால அறுப்பு எப்ப வருதுங்கறதே ரகத்தை முடிவு பண்ணும். குறுவைக்கு கோ 51 ஏன் அவ்வளவு வேகமா பரவுச்சுன்னா 105, 110 நாள்ல கைக்கு வந்துடும், அரிசியும் நல்லாருக்கு. யாரும் தள்ளி விட வேண்டியதில்லாம பக்கத்து வயல்காரர்கிட்ட நெல்லுக்கு நெல்லு மாத்தி வாங்கிட்டாங்க, ஆபீஸ் கணக்குல வராம பரவின விதைதான் நிறைய.

டெல்டாவுக்குத் தண்ணி விடற மேட்டூர் அணையைச் சொல்லாம இதைப் பேச முடியாது. ஜூன் 12 திறக்கணும். 2012ல இருந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் அந்தத் தேதியில திறக்கலை. 2020ல திறந்தாங்க, 2022ல மே 24லயே விட்டாங்க, 2024ல ஜூலை கடைசிக்குப் போயிடுச்சு. இப்ப நீங்க விவசாயியா இருந்து சொல்லுங்க, எந்த ரகம் விதை வாங்கி வைப்பீங்க? 150 நாள் சி.ஆர். 1009ஆ, 130 நாள் ரகமா, 105 நாள் ரகமா? தண்ணி வந்த பிறகுதான் முடிவு பண்ண முடியும், அப்ப விதை டிப்போவுல போய் கேட்டா நமக்கு வேணுங்கற ரகம் தீர்ந்திருக்கும், இருக்கறதை வாங்கிட்டு வரணும். இதுல "விவசாயி புது ரகத்துக்கு ஆர்வம் காட்டலை"ன்னு ஒரு வரி எழுதிடுவாங்க.

வெள்ளத்தைத் தாங்கற ரகம் ஒண்ணு இருக்கு, சப் 1ங்கற ஜீனைச் சேர்த்தது. ரெண்டு வாரம் வரைக்கும் முழுகிக் கிடந்தாலும் தண்ணி வடிஞ்சதும் தளிர்த்து வரும். நம்ம பக்கம் சி.ஆர். 1009 சப் 1, வடக்க ஸ்வர்ணா சப் 1. ஒடிசாவுல ஸ்வர்ணா சப் 1ஐ கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒண்ணு 2016ல வந்துச்சு, கண்டிப்பா தேடிப் படிங்க. அந்த விதை கைக்கு வந்த பிறகு விவசாயிங்க உரம் கூட போட ஆரம்பிச்சாங்க, கடன் வாங்கினாங்க, வெறும் விதைப்பா இருந்தது நடவா மாறிச்சு. வெள்ளமே வராத வருஷத்துலயும் மகசூல் ஏறிச்சு. யாரும் உரம் போடுன்னு வகுப்பு எடுக்கலை. பயம் குறைஞ்சுது, அவ்வளவுதான், கையில இருந்த அறிவு தானா வேலை செஞ்சுது. உரம் போட்டா விளையும்னு அவருக்கு எப்பவோ தெரியும், போட்ட பிறகு வெள்ளம் வந்து எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போனா என்ன பண்றதுன்னுதான் கையைக் கட்டிட்டு இருந்தார். தாழ்வான, வெள்ளம் நிக்கற நிலம் அங்க அதிகமா இருந்தது தலித் குடும்பங்ககிட்ட, அதனால இந்த ரகத்தோட பலன் அவங்களுக்குக் கூட போச்சுன்னும் அதே இடத்துல பார்த்திருக்காங்க. சாதியை உங்க கேள்வித்தாள்ல "சமூகப் பிரிவு"ன்னு ஒரு கட்டமா மட்டும் வைக்காதீங்க, யாருக்கு எந்த நிலம் வந்து சேர்ந்திருக்குங்கறதோட சேர்த்துப் பாருங்க.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு கேப்பீங்க. பயிர்க் காப்பீடு பெரும்பாலும் வருவாய் கிராமத்தை வச்சுக் கணக்கு. ஊரு பூரா மகசூல் குறைஞ்சாத்தான் காசு. நீங்க மட்டும் புது முறையில நட்டு நீங்க மட்டும் நஷ்டப்பட்டா பைசா வராது. எல்லாரும் போடற ரகத்தைப் போட்டு எல்லாரோடயும் சேர்ந்து நஷ்டப்பட்டா இன்சூரன்ஸும் வரும், நிவாரணமும் வரும், கடன் கொடுத்தவரும் பொறுத்துக்குவார். தனியா பரிசோதனை பண்ணித் தோத்தா காசும் போயி, டீக்கடையில பேச்சும் வாங்கணும். இந்த ஊர்ப்பேச்சு பயத்தை ஆய்வுல யாரும் சரியா அளக்கறதில்ல.

குத்தகை. டெல்டாவுல உழுதுட்டு இருக்கறவர்ல ஏகப்பட்ட பேரு கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூர்ல இருக்கற மிராசு நிலம், வாய்ப்பேச்சு குத்தகை. பேப்பர் கிடையாது, எழுதிக் கொடுத்தா அப்புறம் கிளப்ப முடியாதுன்னு ஓனர் எழுதித் தர மாட்டார். பேப்பர் இல்லைன்னா சிட்டா அடங்கல்ல பேரு இல்ல, சொசைட்டி கடன் இல்ல, மானியம் இல்ல, பி.எம். கிசான் 6000 ரூபா வயல்ல இறங்காத ஓனர் அக்கவுண்ட்டுக்குப் போகும். அப்ப இவர் எங்க கடன் வாங்குவார்? உரக்கடையில. உரக்கடைக்காரர்தான் டாக்டர், அவர்தான் பேங்க், அவர்தான் விரிவாக்க அலுவலர். இலை மஞ்சளா இருக்குன்னு ஒரு இலையைக் கிள்ளிட்டு வந்து காட்டினா ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார், காசு அறுப்புல கொடுங்கம்பார். நாங்க ஒரு உதவி வேளாண் அலுவலருக்கு ஏழெட்டு ஊர், அதுலயும் பாதி நாள் கணக்கெடுப்பு, ஆப்ல பதிவு, ஆபீஸ் மீட்டிங். கடைக்காரர் காலைல ஆறு மணிக்கு ஷட்டரைத் திறந்துட்டு அங்கயே உட்கார்ந்திருக்கார். அவரைக் குறை சொல்றதுல புண்ணியமில்ல, அவர் கொடுக்கற அந்த அறுப்பு வரைக்குமான தவணைய வேற யாரும் கொடுக்கலை. "அலுவலரைச் சந்தித்த எண்ணிக்கை"ன்னு வச்சிருக்கற கேள்வி பக்கத்துலயே "உரக்கடையில பாக்கி இருக்கா, எவ்வளவு"ன்னு ஒண்ணு வைங்க.

காசோட நேரம் எவ்வளவு முக்கியம்கறதுக்கு கென்யாவுல நடந்தது நல்ல உதாரணம். மக்காச்சோளத்துக்கு உரம் போட்டா லாபம்னு விவசாயிக்குத் தெரியும், போடணும்னு ஆசையும் இருக்கு, ஆனா போடற நேரத்துல கையில காசு இருக்காது. அறுவடை முடிஞ்ச கையோட, காசு கையில இருக்கறப்பவே, உரத்துக்கு சீட்டு வித்து வீட்டுக்கே ஃப்ரீயா கொண்டு வந்து கொடுக்கறோம்னாங்க, வாங்கினவங்க எண்ணிக்கை நல்லாவே ஏறிச்சு. உரத்து விலையைப் பெருசா குறைக்கவே இல்ல. நம்ம ஊர்ல மானியம் எப்ப வரும்? நிதி ஒதுக்கீடு வர்றப்ப வரும், பெரும்பாலும் மார்ச்சுக்குள்ள செலவு பண்ணணும்னு அவசர அவசரமா வரும், அப்ப வயல்ல உளுந்து நிக்கும்.

உளுந்துன்னதும் ஞாபகம் வருது. அறுப்பு மிஷினை எல்லாரும் எடுத்துக்கிட்டாங்கன்னு மேல சொன்னேன்ல, அதுக்கு ஒரு விலை இருந்துச்சு. சம்பா அறுக்கறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி நிக்கற நெல்லுக்குள்ளயே உளுந்தை வீசி விடுவாங்க, ஏ.டி.டி. 3 அதுக்குன்னே வந்த ரகம், அறுத்த பிறகு ஈரத்துலயே வளர்ந்து செலவே இல்லாம ஒரு காசு வரும். மிஷின் வந்து டயரும் செயினும் ஏறினா அந்த முளைப்பு நசுங்கிடும். வயல் ஈரமா இருந்தா இன்னும் மோசம். நிறைய ஊர்ல தரிசு உளுந்து இதனாலயே குறைஞ்சு போச்சு. ஒரு டெக்னாலஜியை எடுக்கறது இன்னொண்ணை விடறதாவும் இருக்கும், ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஏத்துக்கிட்டாரா இல்லையான்னு பார்த்தா இது கண்ணுல படாது.

டெல்டாவை விட்டு வெளிய வந்தா படம் மாறும். சொட்டு நீர் எடுத்துக்கங்க, சிறு குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம். கொங்கு பக்கம், தேனி பக்கம் வாழை, மஞ்சள், காய்கறிக்கு நல்லா ஓடுது. அங்கயும் தண்ணி மிச்சம்னு யாரும் பெருசா சொல்ல மாட்டாங்க, த்ரீ ஃபேஸ் கரண்டு வர்ற சில மணி நேரத்துல கிணத்துல இருக்கற தண்ணியை வச்சு கூட ஏக்கர் பாய்ச்சிடலாம், மடை மாத்த ராத்திரி ஆள் வேணாம், உரத்தையும் அதுலயே விட்டுடலாம், களை கம்மி, இதைத்தான் சொல்லுவாங்க. ஆள் மிச்சம், ராத்திரி தூக்கம் மிச்சம். ஆனா மானியம் நூறு சதவீதம்னாலும் எல்லாருக்கும் கிடைச்சுடாது, பட்டா செத்துப்போன தாத்தா பேர்ல இருக்கும், கூட்டுப் பட்டாவா இருக்கும், கிணறு நாலு பங்காளிக்கு பொதுவா இருக்கும், அதுல ஒரு பங்காளி கையெழுத்து போட மாட்டேன்னுவார். மூணு தலைமுறை பங்காளித் தகராறு தீர்ந்தாத்தான் அந்த நிலத்துல சொட்டு நீர். தமிழ்நாட்டுல ஒரு விவசாயிக்கு சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர்னு 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்லுது, அந்த முக்கால் ஹெக்டேரும் ஒரே இடத்துல இருக்காது, மூணு துண்டா மூணு மூலையில இருக்கும்.

சந்தை இழுத்தா எவ்வளவு வேகமா போகும்கறதுக்கு பெரம்பலூரைப் பாருங்க. மானாவாரி பூமி. நாமக்கல் கோழிப்பண்ணைக்குத் தீவனம் வேணும், மக்காச்சோளத்துக்கு வாங்க ஆள் ரெடி, ஹைப்ரிட் விதையை வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்கணும்னாலும் வாங்கிப் போட்டாங்க. 2018ல படைப்புழு வந்து நாசம் பண்ணப்பவும் முழுசா விடலை, மருந்துச் செலவைக் கூட்டிக்கிட்டு தொடர்ந்தாங்க. பி.டி. பருத்தியும் இப்படித்தான், 2002ல அனுமதி, பத்து பன்னெண்டு வருஷத்துல நாட்டுல பருத்தி நிலத்துல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல அதுதான். அது நல்லதா கெட்டதாங்கறது வேற விவாதம், இளஞ்சிவப்பு காய்ப்புழு திரும்பி வந்தது எல்லாருக்கும் தெரியும். எடுத்த வேகத்தை மட்டும் பாருங்க: விதையைப் போட்டா போதும், புதுசா எதுவும் கத்துக்க வேண்டாம், புழு சாகறது கண்ணுல தெரியும்.

பக்கத்து வயல் விஷயம் ஒண்ணு பாக்கி. அமெரிக்காவுல ஐயோவாவுல ஹைப்ரிட் மக்காச்சோளம் பரவினதைப் பத்தி 1943ல ஒரு ஆய்வு வந்துச்சு, உங்க சிலபஸ்லயே இருக்கும், விதை கம்பெனிக்காரன்கிட்ட கேள்விப்பட்டு, பக்கத்து விவசாயியைப் பார்த்து நம்பினாங்கன்னு. நம்ம ஊர்லயும் அதான். ஆனா நாம செயல் விளக்கத் திடல் யாருக்குக் கொடுப்போம்? ரோட்டோரமா, போர்செட்டோட, நமக்குப் பழக்கமான, கலெக்டர் வந்தா காட்டக்கூடிய ஆளுக்கு. விதை ஃப்ரீ, உரம் ஃப்ரீ, வாரம் ஒரு தடவை ஆபீசர் வர்றார். அதைப் பார்க்கற கடைமடைக்காரர் "அவருக்கு விளையும்யா"ன்னு சொல்லிட்டு சைக்கிளை மிதிச்சுட்டுப் போயிடுவார். அவரை மாதிரியே ஒருத்தர், அதே வாய்க்கால்ல, அதே கடன்ல, சொந்தக் காசு போட்டு பண்ணி எடுத்தாத்தான் அவர் நின்னு பார்ப்பார். "உங்களுக்குத் தெரிஞ்சு இதை யார் பண்ணாங்க, அவர் நிலம் உங்க நிலம் மாதிரியா"ன்னு கேளுங்க, அந்த ரெண்டாவது பாதிதான் முக்கியம்.

அதுக்காக படிப்பையும் வயசையும் கேள்வித்தாள்ல இருந்து எடுத்துட வேண்டாம், கைடு விட மாட்டார். வயசைக் கேக்கறப்ப புள்ளைங்க எங்க இருக்காங்கன்னு கேளுங்க, பையன் சிங்கப்பூர்ல இருந்து மாசம் பணம் அனுப்பறான்னா அந்தப் பெரியவர் வேலை குறையற டெக்னாலஜியை மட்டும்தான் பார்ப்பார், மகசூல் அவருக்கு ரெண்டாம் பட்சம். வருமானத்தைக் கேக்கறதை விட எந்த மாசம் காசு வருது எந்த மாசம் கை காலியா இருக்குன்னு கேளுங்க. நடவு ஆளுங்க, முக்கியமா அந்தக் கொத்துத் தலைவி அம்மாங்க ஒரு பத்து பேரையாவது தனியா பேட்டி எடுங்க, கைடு சாம்பிள்ல வராதேன்னு சொல்லுவார், குரூப் டிஸ்கஷன்னு பேரு போட்டு உள்ள நுழைச்சுடுங்க. சர்வேக்கு நடவு நேரத்துல போய் நிக்காதீங்க, ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. தை மாசி அறுப்பு முடிஞ்சு, உளுந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு இடைவெளி கிடைக்கும், அப்ப சாயங்காலமா போங்க, மானிய லிஸ்ட்ல பேரு சேர்க்க வந்தவர்னு நினைச்சுடாம இருக்க காலேஜ் ஐ.டி. கார்டை முதல்லயே காட்டிடுங்க.